பேரிடர் மேலாண்மைப் பட்டப்படிப்பு: கொங்குப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

நான் பவானிக்காரி. ஜமக்காளம் நெய்யும் குடும்பம். இளங்கலையில் புவியியல் படித்து, இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகு பேரிடர் மேலாண்மையில் முதுகலை முடித்தேன். இப்போது பெருந்துறைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் வந்தால் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் முகாம் வேலை பார்ப்பேன். பள்ளி, கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அக்கா, இது என்ன படிப்புங்க? தீயணைப்பா, ஆம்புலன்ஸா?

இரண்டும் இல்லை. தீயணைப்பு வீரர் தீயை அணைப்பார், 108 ஊழியர் காயம்பட்டவரைத் தூக்குவார், மின்வாரியத்துக்காரர் லைனை நிறுத்துவார், தாசில்தார் முகாம் திறப்பார். இவர்கள் எல்லோரும் சரியான நேரத்துக்கு, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வந்து சேர வேண்டும் என்றால் அதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் படிப்பு இது.

பாடப்புத்தகம் இதை நான்காகப் பிரிக்கும்: ஆபத்தை முன்பே குறைப்பது, வருவதற்கு ஆயத்தமாவது, வந்ததும் செயல்படுவது, பிறகு மறுபடி நிமிர்ந்து நிற்பது. டி.வி.யில் நாம் பார்ப்பது மூன்றாவதை மட்டும். படிப்பின் பெரும்பகுதி முதல் இரண்டில்தான் இருக்கிறது.

எனக்கு இது புரிந்தது வகுப்பில் இல்லை. 2018 ஆகஸ்ட்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது எங்கள் வீதிக்குள் ஆறு புகுந்தது. குழித்தறியில் தண்ணீர் நிறைந்து பாவு நூல் மிதந்தது. பாட்டியைத் தூக்கிக்கொண்டு, முகாம் என்று சொல்லப்பட்ட கட்டடத்துக்குப் போனால் கேட்டில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் வேறு ஊரில் இருந்தார். அவர் வரும்வரை சுமார் நாற்பது குடும்பங்கள் மழையில் நின்றோம். அரிசி இருந்தது, பாய் இருந்தது, உதவ மனசுள்ள ஆட்களும் இருந்தார்கள். சாவி மட்டும் இல்லை. மே மாதத்திலேயே ஒரு தாளில் எழுதி முடித்திருக்க வேண்டிய விஷயம் அது.

கடலும் இல்லை, புயலும் வராது. கொங்கு நாட்டுக்கு இந்தப் படிப்பு எதுக்குங்க?

இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டமே கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு பேரிடர் என்றாலே கடற்கரை என்று நம் மனசில் பதிந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்துக் கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.

1900 பிப்ரவரி 8 அன்று கோயமுத்தூரில் நிலநடுக்கம் வந்தது. ரிக்டர் அளவில் சுமார் 6. தென்னிந்தியாவில் பதிவான பெரிய நிலநடுக்கங்களில் அது ஒன்று. அன்றைய கோயமுத்தூர் ஓட்டு வீடுகளின் ஊர். இன்றைக்கு எத்தனை மாடிகள் நிற்கின்றன என்று நீங்களே அண்ணாந்து பாருங்கள். அதே காலத்தை ஒட்டித்தான் பிளேக் வந்து ஊரைக் காலி செய்தது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. ஒரு கொள்ளைநோயின் பெயரையே அம்மனுக்குச் சூட்டி நம் முன்னோர் நினைவில் வைத்தார்கள். அந்தக் கோயில் வாசலில் நிற்கும் போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்தக் காலத்துக்கு வருவோம். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. ஒரு நாளில் 20.4 செ.மீ.க்கு மேல் போனாலே வானிலைத் துறை அதை மிக உச்ச வகையில் சேர்க்கிறது. இது அதைப் போல நான்கு மடங்கு. அந்தத் தண்ணீர் குந்தா வழியாகப் பில்லூருக்கு வந்து, பவானிசாகர் வந்து, கடைசியில் பவானி ஆறு காவிரியில் சேரும் எங்கள் கூடுதுறைக்குத்தான் வரும். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். 2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கம் மலை எரிந்தபோது சூலூர் விமானப்படைத் தளத்து ஹெலிகாப்டர் மலம்புழா அணையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது. 2024 ஏப்ரலில் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு நாள் கணக்கில் புகைந்தது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் ஓர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேரை இழந்தோம்.

இதில் எதற்கும் கடல் தேவைப்படவில்லை.

என்னென்ன பாடம் இருக்கும்?

பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பொதுவாக இயற்கைச் சீற்றங்களின் அறிவியல், ஆபத்துக் கணிப்பு, செயற்கைக்கோள் படங்களும் ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபடமும், சட்டமும் நிர்வாகமும், பொதுச் சுகாதாரம், மக்களோடு பேசுவது, மறுவாழ்வு, ஒரு களப்பணி, ஓர் ஆய்வேடு என்று இருக்கும். பெயர்களைவிட, அவை யோசிக்கப் பழக்கும் விதம்தான் முக்கியம். அதைச் சொல்கிறேன்.

முதல் பாடமே இதுதான்: மழை மட்டும் ஆளைக் கொல்வதில்லை. நடூரை எடுத்துக்கொள்ளுங்கள். மழை எல்லா வீட்டு மேலும்தான் பெய்தது. உயரமான கல் சுவர் ஒன்று நின்றது, அதன் அடியில் வசதியில்லாத குடும்பங்களின் ஓட்டு வீடுகள் இருந்தன, விடியற்காலை என்பதால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சீற்றம், அதன் பாதையில் இருப்பது, தாங்க முடியாத நிலை: இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் பேரிடர் பிறக்கிறது. மழையை நாம் நிறுத்த முடியாது. மற்ற இரண்டிலும் மனிதர்கள் கை வைக்க முடியும். வகுப்பில் இதைக் கேட்ட நாளிலிருந்து எந்தச் சுவரின் ஓரம் நடந்தாலும் அதன் அடியில் யார் வீடு இருக்கிறது என்று என் கண் தேடுகிறது.

அடுத்து, அவசர நேரத்தில் முடிவெடுக்கும் முறை. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் எல்.பி.ஜி. என்ற சமையல் எரிவாயு ஏற்றிய டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. கொச்சியிலிருந்து வந்த வண்டி. சுமார் 18 டன் இருந்தது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலையாது, தாழ்வான இடம் தேடித் தரையோடு பரவும். ஒரு பொறி போதும். அன்றைக்குப் போக்குவரத்தைத் திருப்பினார்கள், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கசிவை அடைத்து, கிரேன் வைத்து வண்டியைத் தூக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. இதில் எது முதலில், எது அடுத்து, யார் சொன்னால் யார் கேட்க வேண்டும், எத்தனை மீட்டர் தூரத்துக்கு ஆட்களை விலக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்தப் படிப்பில் மேசை மேல் வரைபடத்தை விரித்துப் பயிற்சியாகச் செய்வோம். சேதமில்லாமல் முடிந்ததால் அந்த நாளை ஊர் சீக்கிரம் மறந்துவிட்டது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு மாணவரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய நாள் அது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது, என் ஆய்வேடும் இதில்தான். மேட்டூரில் 16 கண் மதகைத் திறக்கும்போது, “விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடி, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்” என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். எங்கள் அம்மாவுக்கு ஒன்றரை லட்சம் கனஅடி என்றால் என்ன தெரியும்? அது வாசல்படி வருமா, அடுப்படி வருமா, கட்டிலை மூழ்கடிக்குமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் எங்கள் ஊர்க் கந்தன்பட்டறைப் பக்கம் வீடு வீடாகப் போனேன். 2005, 2018, 2022 வெள்ளங்களில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு, சுவர்க் கறையை அளந்து, அந்தந்த நாளில் எவ்வளவு நீர் வந்தது என்ற கணக்கோடு பொருத்தினேன். பிறகு கனஅடியைப் படித்துறைப் படிகளாக மாற்றி ஓர் அட்டவணை போட்டேன். இத்தனை கனஅடி என்றால் இந்தப் படி, இத்தனை என்றால் இந்த வீதிமுனைக் கோயில் திட்டு, அதற்கு மேல் என்றால் தறியைக் கழற்று.

அட்டவணையை எங்கள் தெருப் பெண்களிடம் காட்டியபோது ஒரு பாட்டி, “இதைத்தாங் கண்ணு மொதல்லயே சொல்லியிருக்கோணும்” என்றார். எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைவிட அந்த வார்த்தை பெரிது.

எங்கே படிக்கலாம்?

முழுநேர முதுகலை என்றால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைத்தான் முதலில் சொல்வேன். பேரிடர் ஆய்வுக்கென்றே அங்கே தனிப் பள்ளி இருக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் முயற்சி செய்யலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகத்தில் பேரிடர் மேலாண்மையில் எம்.எஸ்ஸி. உண்டு, சுனாமி அடித்த தீவிலேயே அமர்ந்து படிப்பது தனி அனுபவம். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் நிலம் மற்றும் பேரிடர் மேலாண்மை நிறுவனம் எம்.பி.ஏ. நடத்துகிறது, பாலக்காடு வழியாக ஒரு ராத்திரி ரயில்தான். வேலூர் வி.ஐ.டி.யில் பேரிடர் தணிப்புக்கு ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் காலநிலை மாற்றத்தையும் பேரிடரையும் சேர்த்துப் பார்க்கும் மையம் இருக்கிறது. முனைவர் பட்டம்வரை யோசிப்பவர்கள் இந்த இரண்டையும் பாருங்கள்.

வேலையை விட முடியாது என்பவர்களுக்கு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமா. ஏதாவது ஒரு பட்டம் போதும், குறைந்தது ஒரு வருடம். வீட்டுப் பொறுப்போடு படிக்கும் பெண்களுக்கு இதையே சொல்வேன்.

எங்கே சேர்ந்தாலும் அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்து, யு.ஜி.சி. அங்கீகாரத்தைச் சரிபார்த்து, அப்புறம் பணம் கட்டுங்கள். “100 சதவீதம் வேலை” என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்களுக்குப் போகவே வேண்டாம்.

பிளஸ் டூ முடிச்சதும் நேரா இதுலயே சேரலாமா?

என் கருத்து: வேண்டாம். முதலில் ஒரு கைத்தொழில் மாதிரி ஒரு பாடத்தைப் பிடியுங்கள். புவியியல், சிவில், வேளாண்மை, சமூகப்பணி, நர்சிங், கணினி எதுவும் சரி. அதன் மேல் இதைப் படித்தால் இரண்டும் சேர்ந்து உங்களைத் தூக்கும். சிவில் படித்தவர் சுவரைப் பார்ப்பார், நர்ஸ் முகாமில் வயிற்றுப்போக்கைப் பார்ப்பார், வேளாண்மை படித்தவர் வறட்சியைப் பார்ப்பார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் பக்கத்திலேயே இருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு இந்த வழி நன்றாகவே திறந்திருக்கிறது.

தீ, தொழிற்சாலை விபத்து என்று உங்களுக்கு இப்போதே தெளிவு இருந்தால் கதை வேறு. நாக்பூர் தேசிய தீயணைப்புக் கல்லூரியில் தீப்பொறியியல், கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீப்பொறியியல் பி.டெக். என்று நேரடிப் பட்டங்கள் உண்டு.

கணக்கு நல்லா வரோணுமா?

சதவீதம், சராசரி, நிகழ்தகவு, வரைபட அளவு தெரிந்தால் போதும். மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ் மீடியம் படிச்சவங்க சமாளிக்க முடியுமா?

முடியும், நானே சாட்சி. புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் ஆறு மாதம் அகராதியும் கையுமாகத்தான் இருந்தேன். ஆனால் களத்துக்குப் போனதும் நிலைமை தலைகீழ். கொல்லிமலையிலும் பர்கூர் மலையிலும் ஆங்கிலத்தில் எச்சரிக்கை கொடுத்து யாரைக் காப்பாற்றுவது? ஒரு பெரியவரிடம் “வீட்டை விட்டு வாங்க” என்று சொல்வதற்கும், “ஆட்டையும் கூட்டிக்கிட்டே வாங்க, கட்டறதுக்கு இடம் இருக்குதுங்க” என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு உயிர் இருக்கிறது. ஆடு மாட்டை விட்டுவிட்டு வரச் சொன்னால் நம் சனம் வராது. அது தெரிந்தவர்கள் நீங்கள்.

படிச்சா கவர்மென்ட் வேலை கிடைக்குமா?

இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பட்டத்தைக் காட்டியதும் உட்கார வைக்கும் அரசு நாற்காலி கிடையாது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர்தான். மாநிலத்தில் வேலை செய்வது வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை. அதற்குள் போகும் வாசல் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுதான். குரூப் 1 எழுதினால் துணை ஆட்சியர். அதே தேர்வில் தீயணைப்பு மாவட்ட அலுவலர் பணியும் வரும். குரூப் 2, குரூப் 4 எழுதி வருவாய்த் துறைக்குள் போய்ப் படிப்படியாக ஏறுபவர்கள் நிறைய. உங்களுக்கு இந்தப் படிப்பு இருந்தால், தேர்வில் வென்று உள்ளே போன பிறகு அதன் பலன் தெரியும். ஆணையங்களில் ஒப்பந்த அடிப்படையில் திட்ட அலுவலர், ஆலோசகர் பணிகளும் அவ்வப்போது வரும்.

தனியார் பக்கம் நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். பெரிய தொழிற்சாலைகள் பாதுகாப்பு அலுவலர் வைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதவிக்குத் தொழில் பாதுகாப்பில் தனித் தகுதி கேட்பார்கள், அந்த டிப்ளமாவையும் சேர்த்து முடித்துவிடுங்கள். திருப்பூரில் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் தீ ஒத்திகை, வெளியேறும் வழி எல்லாவற்றையும் ஆடிட் செய்கிறார்கள்; அந்த விதிகளைக் கம்பெனி கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலைக்கு இந்தப் படிப்பு நன்றாகப் பொருந்தும். கோவை ஐ.டி. நிறுவனங்களில், என்ன நடந்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ள பிசினஸ் கன்டினியூட்டி என்று ஒரு பிரிவு இருக்கும். பெரிய மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், காப்பீடு ஆகியவையும் உண்டு. ஆரம்பச் சம்பளம் ஒரு சாதாரணப் பட்டதாரியுடையதுதான். அனுபவம் ஏற ஏறத்தான் மதிப்பு ஏறும்.

என்.டி.ஆர்.எஃப்.ல சேரோணும்னா?

என்.டி.ஆர்.எஃப். என்பது தேசியப் பேரிடர் மீட்புப் படை. அதில் சேர இந்தப் பட்டம் வழி இல்லை. அரக்கோணத்தில் இருக்கும் படைப்பிரிவு உட்பட, அதன் வீரர்கள் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளிலிருந்து வருபவர்கள். முதலில் அந்தப் படை ஒன்றில் தேர்வாக வேண்டும்.

பி.எஸ்ஸி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் படிப்பும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் மருத்துவம் சார்ந்த படிப்பு. அங்கே நோயாளி ஒருவர் உங்கள் முன்னால் படுத்திருப்பார். இங்கே ஓர் ஊரே படுத்திருக்கும்.

பொண்ணுக்கு ஒத்து வருமுங்களா? ராத்திரி, பகல்னு அலையோணுமே?

என் அப்பாவும் இதையேதான் கேட்டார். அலைய வேண்டியிருக்கும், மறைக்கவில்லை. ஆனால் பெண்களால் முடிகிறது. பிரியா ரவிச்சந்திரன் 2003-ல் குரூப் 1 வழியாகத் தீயணைப்புத் துறைக்கு வந்தவர். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் தீ விபத்தில் உள்ளே போய்த் தீக்காயம் பட்டார், குணமாகித் திரும்பவும் அதே சீருடையைப் போட்டார். அந்த அளவு களத்துக்குப் போகாத வேலைகளும் இதில் ஏராளம்.

முகாம்களுக்குப் பெண்கள் வந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் பார்த்த ஒரு முகாமில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு மணி அடித்தாற்போல் வந்தது. கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, நாப்கின் இல்லை, பால் கொடுக்க ஒரு மறைப்பு இல்லை. பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இரண்டு நாள் கிடந்தார்கள். திட்டம் போட்ட மேசையில் ஒரு பெண் இருந்திருந்தால் முதல் பக்கத்திலேயே இதெல்லாம் வந்திருக்கும். உங்கள் பெண்ணை அனுப்பி வையுங்கள் அண்ணா.

வெளிநாட்டில் படிக்கலாமா?

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் இதை எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் என்பார்கள். அமெரிக்காவில் இதற்கான முதல் இளங்கலைப் பட்டத்தை 1983-ல் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. டெலவேர் பல்கலைக்கழகத்தின் பேரிடர் ஆய்வு மையம் 1963-லிருந்து இயங்குகிறது, முதலில் ஒஹையோவில் இருந்தது. ஆராய்ச்சிக்கு அருமையான இடங்கள். ஆனால் அங்குள்ள அரசு வேலைகள் பலவும் குடியுரிமை கேட்கும். தோட்டத்தை அடமானம் வைத்துப் போகும் அளவுக்கு இது இல்லை. உதவித்தொகை கிடைத்தால் போங்கள்.

சாவையும் அழுகையையும் பார்த்துட்டே இருக்கோணுமே, மனசு தாங்குமா?

தாங்காத நாட்கள் உண்டு. சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் விழ, அவருக்குப் பின்னால் இறங்கியவரும் விழுவது நம் பக்கம் நடக்கும் கொடுமை. தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். பாசத்தில் குதிக்காதே, காற்று போட்டு, சுத்தமான காற்று தரும் மூச்சுக் கருவி மாட்டி, கயிறு கட்டி இறங்கு என்று எங்கள் ஆலையில் ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போது குரல் உடையும், பரவாயில்லை. நல்ல படிப்புகளில் மனநல ஆதரவு ஒரு பாடமாகவே இருக்கிறது. அதை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

இப்ப காலேஜ் ரெண்டாம் வருசம். இன்னைக்கே என்ன செய்யலாங்க்கா?

என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தால் முதலுதவிப் பயிற்சி கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் ஆப்த மித்ரா தன்னார்வலர் பயிற்சி நடந்தால் பெயர் கொடுங்கள். க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளை இறக்கி, இஸ்ரோவின் புவன் தளத்தில் உங்கள் ஊரைத் தேடி வரைந்து பழகுங்கள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலத்துக்கு. போனில் பதிந்து வையுங்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு உங்கள் வீதியில் நடங்கள். ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது, எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு மாதம் நிறைந்திருக்கிறது, யார் வீட்டில் மாடு இருக்கிறது, டிராக்டர் யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். முகாமாக எந்தக் கட்டடத்தைத் திறப்பார்கள் என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாத நாளில் இன்னொரு சாவி யார் வீட்டு ஆணியில் தொங்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.